அலோஹா யாருடைய சொல்? சிகாகோவிலிருந்து புறப்பட்ட ஒரு வக்கீல் நோட்டீஸ்

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்தில் ஹவாய் பூர்வகுடிக் குடும்பம் ஒன்று சின்னதாக ஓர் உணவகம் நடத்திவந்தது. பெயர் 'அலோஹா போக்கே ஸ்டாப்'. அலோஹா ஹவாய் மொழியின் வணக்கச் சொல், போக்கே அங்கத்திய பச்சை மீன் பண்டம். 2018ஆம் ஆண்டு அவர்கள் கைக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. அனுப்பியவர்கள் 4,500 கிலோமீட்டருக்கு அப்பால் சிகாகோவில் இருந்த 'அலோஹா போக்கே கம்பெனி' என்ற உணவகச் சங்கிலி. 'அலோஹா போக்கே' நாங்கள் பதிவுசெய்த டிரேட்மார்க். 'அலோஹா' என்பதையும் 'அலோஹா போக்கே' என்பதையும் உங்கள் வியாபாரத்தில் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். கோர்ட் வரைக்கும் போகாமல் சுமுகமாக முடித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

குடும்பம் யோசித்தது. பெயரை மாற்றியது. கடை 'லேய்ஸ் போக்கே ஸ்டாப்' ஆனது.

தங்கள் தாய்மொழியின் மிகப் பரிச்சயமான சொல்லை, அந்த மொழியோடு எந்த உறவும் இல்லாத ஒரு நிறுவனத்தின் மிரட்டலுக்குப் பயந்து, தங்கள் கடை வாசலிலிருந்து அவர்களே கழற்றி வைத்தார்கள். இதைப் பற்றி அன்று நிறையப் பேர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இந்த விவகாரத்தை முழுதாகப் படித்த பிறகு என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. தொடக்கம் முதல் முடிவு வரை எந்த நீதிபதியும் இதை விசாரிக்கவே இல்லை. வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. ஒரு கடிதத் தாள் போதுமானதாக இருந்தது.

சொல்லும் பண்டமும்

அலோஹாவை நாம் சினிமாவிலும் சுற்றுலா விளம்பரத்திலும் 'ஹலோ' என்பதற்கு நிகராகவே கேட்டிருக்கிறோம். ஹவாய் மொழியில் அது வரவேற்பு, விடைபெறுதல், அன்பு, இரக்கம் எல்லாம்தான். ஹவாய் மாநிலம் இந்தச் சொல்லைச் சட்டப் புத்தகத்திலேயே ஏற்றிவைத்திருக்கிறது. 1986இல் இயற்றப்பட்ட 'அலோஹா உணர்வு' சட்டம், கனிவு, ஒற்றுமை, இனிமை, பணிவு, பொறுமை என்று ஐந்து பண்புகளை அந்தச் சொல்லின் ஐந்து ரோமன் எழுத்துக்களுக்கு (A-L-O-H-A) ஒவ்வொன்றாக ஹவாய் மொழியிலேயே அடுக்கிச் சொல்கிறது. ஆட்சியில் இருப்பவர்கள் முடிவெடுக்கும்போது இந்த உணர்வை மனத்தில் வைக்கலாம் என்றும் சொல்கிறது. ஒரு வணக்கச் சொல்லுக்குத் தனிச் சட்டப்பிரிவு வைத்திருக்கும் இடம் உலகத்தில் அதிகம் இருக்காது.

போக்கே என்றால் குறுக்கே வெட்டுவது, துண்டுபோடுவது. பச்சை மீனைத் துண்டாக்கி, கடல் உப்பும் லிமு என்ற கடற்பாசியும் சேர்த்து, வறுத்து நசுக்கிய குகூயிக் கொட்டையைக் கலந்து சாப்பிடுவது பழைய முறை. கரும்புத் தோட்டங்களுக்கு ஜப்பானியத் தொழிலாளர்கள் வந்த பிறகு சோயா சாஸும் நல்லெண்ணெய் மணமும் ஏறின. ஹவாயில் இது மளிகைக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் எடைபோட்டுக் கொடுக்கும் அன்றாடப் பண்டம். 2015 வாக்கில் அமெரிக்கப் பெருநிலத்தில் இது ஓர் அலையாகப் பரவியது. கிண்ணத்தில் சோறு, அதன் மேல் மீன், அதன் மேல் மாம்பழம், சோளம் என்று என்னென்னவோ. பண்டம் ஊர் மாறும்போது உருமாறுவது இயல்புதான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

அந்த அலையில்தான் 2016இல் சிகாகோவில் 'அலோஹா போக்கே கம்பெனி' பிறந்தது. அதைத் தொடங்கியவர் ஹவாய்க்காரர் அல்லர். ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு சந்தையில் சின்னக் கடையாக ஆரம்பித்து, இரண்டே ஆண்டுகளில் மில்வாக்கி, டென்வர், வாஷிங்டன் என்று பல நகரங்களுக்கு விரிந்தது. நடுவில் முதலீட்டாளர்கள் வந்தார்கள், நிர்வாகம் கைமாறியது. நோட்டீஸ் விவகாரம் வெடித்தபோது தொடங்கியவர் அங்கே இல்லை.

சிகாகோவுக்கும் ஹவாய்க்கும் ஒரு பழைய கணக்கு

இந்தப் பகுதியைச் சொல்லாமல் போனால், ஒரு கடைப் பெயருக்காக லட்சம் பேர் பின்னால் ஏன் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள் என்பது விளங்காது.

1893 ஜனவரியில் ஹவாயின் அரசி லிலியுவோகலானியை, அங்கே குடியேறிய வெள்ளைத் தோட்ட முதலாளிகளும் வியாபாரிகளும் அமெரிக்கக் கடற்படையினரின் துணையோடு அரியணையிலிருந்து இறக்கினார்கள். 1898இல் அமெரிக்கா அந்தத் தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. மன்னருக்குரிய நிலங்களும் அரசு நிலங்களுமாக ஏறத்தாழ 18 லட்சம் ஏக்கர் கைமாறின. நூறு ஆண்டுகள் கழித்து 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்காக முறைப்படி மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. நிலம் திரும்பி வரவில்லை.

நிலத்துக்கு அடுத்தது மொழி. 1896இல் வந்த சட்டம் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலத்தைப் பயிற்று மொழி ஆக்கியது. பள்ளி வளாகத்தில் ஹவாய் மொழி பேசிய பிள்ளைகள் அடி வாங்கிய கதை பல குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. 1980களுக்கு வந்தபோது சரளமாக ஹவாய் மொழி பேசும் பிள்ளைகள் சில பத்துப் பேரே மிஞ்சியிருந்தார்கள். பெற்றோர்கள் தாங்களாகவே மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பள்ளிகளில் இருந்த தடை விலகியது 1986இல். அலோஹா உணர்வுச் சட்டம் வந்த அதே ஆண்டு. அழிவின் விளிம்பிலிருந்து சொல் சொல்லாக மீட்டெடுத்துக்கொண்டிருக்கும் மொழி இது. தாய்மொழிக்காகத் தெருவில் இறங்கிய வரலாறு உள்ள நமக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், சிகாகோ. 1893இல் அந்த நகரத்தில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. அதில் ஹவாய்க்கு ஓர் அரங்கு இருந்தது. கிலாவேயா எரிமலையை வட்டமான பிரம்மாண்ட ஓவியமாகத் தீட்டி, உள்ளே நின்றால் எரிமலை வாயில் நிற்பது போலத் தோன்றும்படி அமைத்திருந்தார்கள். வாசலில் எரிமலைத் தெய்வம் பெலேயின் சிலை. இதற்குப் பின்னால் இருந்தவர் லோரின் தர்ஸ்டன். அதே ஆண்டு அரசியைக் கவிழ்த்த குழுவின் முக்கியத் தலைவர்களில் ஒருவர். மறைந்த மன்னர் கலாகாவாவின் அவையில் ஆடிய ஹூலா கலைஞர்களும் அந்தக் கண்காட்சித் திடலில் காசு கொடுத்து வந்தவர்களுக்கு ஆடிக் காட்டினார்கள்.

ஆட்சியைப் பறித்த ஆண்டிலேயே ஹவாயின் தெய்வத்தையும் எரிமலையையும் சிகாகோவில் டிக்கெட் போட்டு விற்றார்கள். 125 ஆண்டுகள் கழித்து அதே ஊரிலிருந்து, அலோஹாவை எடுத்துவிடு என்று கடிதம் வருகிறது. அனுப்பிய வக்கீலுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. பெற்றவர்கள் வளர்ந்தது இந்த நினைவுகளோடு.

இன்னொரு விவரம். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி ஹவாய் பூர்வகுடியினரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே வாழ்கிறார்கள். தீவுகளில் வீட்டு விலையும் விலைவாசியும் அவர்களைத் துரத்திவிட்டன. ஆங்கரேஜில் ஹவாய்க் குடும்பம் கடை வைத்திருந்ததற்குப் பின்னால் இந்தப் புலம்பெயர்வு இருக்கிறது. ஊரைவிட்டு வந்தவர்கள் ஊரின் சொல்லைப் பலகையில் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் அதே ஊர்க்காரர்கள் உள்ளே வருகிறார்கள்.

நோட்டீஸும் எதிர்ப்பும்

நோட்டீஸ் ஆங்கரேஜுக்கு மட்டும் போகவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரத்தில் 'அலோஹா போக்கே ஃபேர்ஹேவன்' என்ற கடை இருந்தது. அதுவும் பெயரை 'ஃபேர்ஹேவன் போக்கே' என்று மாற்றிக்கொண்டது. ஹொனலுலுவில் இருந்த 'அலோஹா போக்கே ஷாப்' கடைக்கும் கடிதம் போனது. ஹொனலுலு ஹவாயின் தலைநகரம். அலோஹா என்று சொல்லாமல் ஒரு நாள் கழிக்க முடியாத ஊர்.

2018 ஜூலை இறுதியில், ஹவாய் பூர்வகுடியைச் சேர்ந்த மருத்துவரும் செயற்பாட்டாளருமான ஒரு பெண் இந்த விவரங்களை முகநூலில் காணொளியாகப் போட்டார். அது காட்டுத் தீயாகப் பரவியது. பெயரைக் கைவிடுமாறு நிறுவனத்தைக் கேட்ட கையெழுத்து இயக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். மாவுயி தீவைச் சேர்ந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் கனியேலா இங் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தார். ஆகஸ்டில் சிகாகோவிலேயே, அங்கு வாழும் ஹவாய் மக்களும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் நிறுவனத்துக்கு எதிராகத் தெருவில் நடந்தார்கள்.

நிறுவனம் முகநூலில் ஒரு நீண்ட விளக்கம் போட்டது. ஹவாய்க்காரர்கள் அலோஹா என்ற சொல்லையோ போக்கே என்ற சொல்லையோ பயன்படுத்தக் கூடாது என்று நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை. உணவகம், விருந்துச் சேவை, பார்சல் என்ற துறைக்குள் அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து வருவதைத்தான் பதிவுசெய்திருக்கிறோம். யார் மீதும் வழக்குப் போடவில்லை. ஹவாய்ப் பண்பாட்டைக் கொண்டாடத்தான் இந்தப் பெயரையே வைத்தோம் என்றது. மனம் புண்பட்டவர்களிடம் வருத்தமும் தெரிவித்தது. நோட்டீஸ்களைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லவில்லை.

இந்த விளக்கத்தை நேர்மையாக எடைபோட வேண்டும். சட்டப்படி அதில் பெரும்பகுதி சரிதான். டிரேட்மார்க் பதிவு ஒரு சொல்லை மொத்தமாக உடைமையாக்குவதில்லை. குறிப்பிட்ட சரக்குக்கோ சேவைக்கோ அந்தப் பெயரைப் பயன்படுத்துவதில் முன்னுரிமை தருகிறது, அவ்வளவுதான். வீட்டில் அலோஹா சொல்வதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் போக்கே விற்கும் ஹவாய்க் குடும்பத்துக்கு வீடு எங்கே முடிகிறது, கடை எங்கே ஆரம்பிக்கிறது? தவிரவும், நோட்டீஸ் 'அலோஹா போக்கே' என்ற கூட்டுப் பெயரோடு நிற்காமல் 'அலோஹா' என்ற தனிச் சொல்லையும் நிறுத்தச் சொன்னது. நோட்டீஸில் கேட்டதைவிட விளக்கத்தில் உரிமை கொண்டாடியது குறைவு. எதிர்ப்பு கிளம்பாமல் இருந்திருந்தால் அந்த விளக்கமும் வந்திருக்காது, இந்த வித்தியாசமும் வெளியே தெரிந்திருக்காது.

கோர்ட்டுக்குப் போயிருந்தால்?

அமெரிக்காவின் டிரேட்மார்க் சட்டம் 1946இல் வந்தது. லான்ஹம் சட்டம் என்பார்கள். அதன் மையத்தில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்தப் பெயரைப் பார்த்து வாங்குபவர், சரக்கு யாருடையது என்று குழம்புவாரா?

இந்தக் கேள்வியை ஆங்கரேஜ் கடைக்குப் பொருத்திப் பார்ப்போம். பெயர்கள் ஒத்திருக்கின்றன. விற்பதும் ஒரே பண்டம். இந்த இரண்டு விஷயங்களிலும் நிறுவனத்தின் கை ஓங்கியிருக்கிறது. மறுக்க முடியாது.

ஆனால் கோர்ட் பெயரின் வலுவையும் பார்க்கும். எங்கும் இல்லாத, இட்டுக்கட்டிய பெயருக்குப் பாதுகாப்பு அதிகம். சரக்கை விவரிக்கும் சொல்லுக்குக் குறைவு. பண்டத்தின் பெயருக்குப் பாதுகாப்பே கிடையாது. இட்லிக் கடைக்காரர் 'இட்லி' என்ற சொல்லைத் தனக்கென்று பதிய முடியாது, அந்த மாதிரி. போக்கே என்பது பண்டத்தின் பெயர். ஆக, பெயரின் பாரம் முழுக்க 'அலோஹா'வின் தோளில் விழுகிறது. அந்தத் தோள் எவ்வளவு தாங்கும்? அலோஹா ஏர்லைன்ஸ் என்ற விமான நிறுவனம் பல பத்தாண்டுகள் பறந்து 2008இல் பயணிகள் சேவையை நிறுத்தியது. அலோஹா பெட்ரோலியம் இருக்கிறது, அலோஹா ஸ்டேடியம் என்ற விளையாட்டரங்கம் இருந்தது. ஹவாய்ச் சாயல் வேண்டும் என்று நினைக்கும் எவரும் முதலில் கை நீட்டும் சொல் அது. ஆயிரம் பேர் ஏற்கெனவே உடுத்திய சொல்லை வைத்துக்கொண்டு, இது என்னை மட்டும் அடையாளம் காட்டும் என்று வாதிடுவது லேசான காரியம் அல்ல.

அடுத்தது இடம். இங்கே இரண்டு பழைய வழக்குகள் ஞாபகத்துக்கு வருகின்றன. முதலாவது, சிகாகோ இருக்கும் அதே இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. மட்டூன் என்ற சிற்றூரில் ஒரு தம்பதி 1957 முதல் 'பர்கர் கிங்' என்ற பெயரில் கடை நடத்தினார்கள். ஃபுளோரிடாவிலிருந்து வளர்ந்த பெரிய பர்கர் கிங் நிறுவனம் இல்லினாயில் தன் முதல் கடையைத் திறந்ததும், நாடு முழுமைக்குமான பதிவு பெற்றதும் 1961இல். 1968இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நாடெங்கும் பெயர் பெரிய நிறுவனத்துக்கே, ஆனால் மட்டூனைச் சுற்றி 20 மைலுக்குள் அந்தத் தம்பதிக்கே என்று சொன்னது. பதிவுக்கு முன்பே ஓர் ஊரில் நல்ல நம்பிக்கையோடு பெயரைப் பயன்படுத்தி வந்தவரை, பின்னால் வந்த பதிவு அந்த ஊரிலிருந்து துரத்த முடியாது.

சரி, பதிவுக்குப் பிறகு தொடங்கிய கடை என்றால்? அதற்கு 1959இல் நியூயார்க் பகுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன 'டான் டோனட்' தீர்ப்பு இருக்கிறது. மிச்சிகனைச் சேர்ந்த ஒரு டோனட் மாவு நிறுவனம், ராச்செஸ்டர் வட்டாரத்தில் அதே பெயரில் ரொட்டி விற்ற உள்ளூர்க் கடைகளைத் தடுக்கப் பார்த்தது. பதிவு செல்லும், ஆனால் நீங்கள் அந்த வட்டாரத்தில் சில்லறை வியாபாரத்துக்கு வரும் அறிகுறியே இல்லாதபோது தடையாணை கிடையாது என்றது கோர்ட். எல்லா வட்டார நீதிமன்றங்களும் இதை அப்படியே பின்பற்றுவதில்லை. இணையக் காலத்தில் தூரத்துக்குப் பழைய அர்த்தம் இல்லை என்ற வாதமும் உண்டு. ஆனால் கிண்ணத்தில் வைத்த பச்சை மீனை யாரும் சிகாகோவிலிருந்து அலாஸ்காவுக்குப் பார்சல் வாங்கப் போவதில்லை.

நிறுவனம் நிச்சயம் தோற்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பத்தின் கையில் கோர்ட் காதுகொடுத்துக் கேட்கக்கூடிய வாதங்கள் இருந்தன என்பது உறுதி. அவற்றைப் பேச ஒரு மேடை வேண்டும். மேடையின் வாடகை என்ன? டிரேட்மார்க் அலுவலகத்தில் ஒரு பதிவை ரத்துசெய்யக் கேட்கும் மனுவுக்கு அன்று சரக்கு அல்லது சேவையின் ஒரு வகைக்கு 400 டாலர்தான் கட்டணம். அதை எழுதவும், ஆவணங்கள் திரட்டவும், வாதாடவும் ஆகும் வக்கீல் செலவு வேறு. கூட்டாட்சி நீதிமன்றத்தில் முழு விசாரணை வரை போனால் லட்சக்கணக்கான டாலர் கரையும். புது போர்டு அடிப்பது அதில் ஒரு துளி. கணக்குத் தெரிந்த எந்தக் கடைக்காரரும் போர்டைத்தான் மாற்றுவார். நோட்டீஸ் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். வாதம் பலவீனமாக இருந்தாலும் கடிதம் வேலை செய்கிறது, ஏனென்றால் பெறுபவர் எடைபோடுவது வாதத்தை அல்ல, செலவை.

வக்கீல்கள் தரப்பில் ஒரு பதில் எப்போதும் வரும். டிரேட்மார்க் வைத்திருப்பவர் அதைக் காவல் காக்க வேண்டும், கண்டும் காணாமல் விட்டால் உரிமை நீர்த்துப்போகும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் அதே பெயரில் கடை போட்டால் சிகாகோ நிறுவனம் சும்மா இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். ஆனால் காவல் காப்பது என்றால் தேடித் தேடி எல்லோருக்கும் ஒரே நோட்டீஸை அனுப்புவது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அவரவர் ஊரில் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் உண்டு. பெயரளவுக் கட்டணத்தில் அனுமதி தரும் முறை உண்டு. உரிமையும் நீர்க்காது, அடுத்தவர் போர்டும் இறங்காது. ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியிருக்கலாம். அந்த அழைப்பைச் செய்யாமல் விட்டதுதான் இந்த நிறுவனத்தின் மேல் எனக்குள்ள முதன்மையான குற்றச்சாட்டு.

சட்டத்தில் இல்லாத கேள்வி

இதுவரை சொன்னதெல்லாம் குழப்பம், வலு, தூரம் பற்றியவை. 'இந்தச் சொல் யாருடையது?' என்ற கேள்வி எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அதை நான் விட்டுவிடவில்லை. அமெரிக்க டிரேட்மார்க் சட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கும் இடமே இல்லை. ஒரு சமூகம் முழுக்கப் பேசும் சொல் அதன் பார்வையில் யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. முதலில் வேலி போட்டவருக்குப் பட்டா.

பூர்வகுடிகளுக்கென்று ஒரு சில ஏற்பாடுகள் இருக்கின்றன. பழங்குடிகளின் அதிகாரபூர்வ முத்திரைகளைப் பரிசோதகர்கள் பார்த்துக்கொள்ள அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகம் ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது. அது அரசு அங்கீகரித்த பழங்குடிகளுக்கானது. ஹவாய் பூர்வகுடியினருக்கு அந்த வகை அங்கீகாரம் கிடையாது. தவிர, அது முத்திரைகளுக்குத்தான், அன்றாடச் சொற்களுக்கு அல்ல. ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் பெயர்களைப் பதியக் கூடாது என்ற பழைய தடையையும் 2017இல் உச்ச நீதிமன்றம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீக்கிவிட்டது. அந்தத் தடை இருந்திருந்தாலும் இங்கே உதவியிருக்காது. அலோஹா என்று பெயர் வைப்பது இழிவு இல்லையே.

பசிபிக்கின் மறுமுனையில் நியூசிலாந்து வேறு வழியில் போனது. அங்கே 2002ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டப்படி, அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் உள்ளிட்ட சமூகத்தின் கணிசமான பகுதியினரைப் புண்படுத்தக்கூடிய பெயரைப் பதிய மறுக்கலாம். மாவோரிச் சொல்லோ உருவமோ கொண்ட விண்ணப்பங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஓர் ஆலோசனைக் குழுவும் உண்டு. அந்தக் குழு சொல்வது கட்டளை இல்லை, ஆலோசனைதான். ஆனாலும் பதிவு கிடைப்பதற்கு முன்பே, அந்த மொழியோடு வாழ்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கிறார்கள். சிகாகோ நிறுவனம் விண்ணப்பித்தபோது ஹவாய் மொழி தெரிந்த ஒருவர் மேசைக்கு அந்தக் கோப்பு போயிருந்தால், 'அலோஹா' என்ற சொல்லின் மேல் தனி உரிமை கோர முடியாது என்ற ஒரு வரி அதில் ஏறியிருக்கலாம். அந்த ஒரு வரி இருந்தால் ஆங்கரேஜுக்குக் கடிதமே போயிருக்காது.

எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. அப்படியானால் ஹவாய்க்காரர் அல்லாத எவரும் அலோஹா என்று கடைக்குப் பெயர் வைக்கக் கூடாதா? எதிர்ப்பில் இறங்கியவர்களிலேயே இதில் கருத்து வேறுபாடு இருந்தது. மொத்தமாகப் பெயரைக் கைவிடு என்றவர்கள் உண்டு. வைத்துக்கொள், எங்களைத் துரத்தாதே என்றவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது நிலைதான் சரியாகப் படுகிறது. பொதுக் கிணற்றில் யாரும் நீர் எடுக்கலாம். கிணற்றுக்குப் பூட்டுப் போட்டு, அந்த ஊர்க்காரர்களையே விரட்டும்போதுதான் பிரச்சினை.

பிறகு நடந்தவை

2019இல் ஹவாய் சட்டமன்றத்தில், பூர்வகுடியினரின் பண்பாட்டு அறிவுடைமைக்குச் சட்டப் பாதுகாப்பு தேவை என்று கோரும் தீர்மானம் முன்வைக்கப்பட்டது. அதற்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் இந்த விவகாரம் முக்கியமானது. தீர்மானத்துக்கு எல்லை உண்டு. நாடு தழுவிய டிரேட்மார்க் பதிவு கூட்டாட்சியின் கையில் இருக்கிறது, மாநிலச் சட்டமன்றம் அதைத் தொட முடியாது.

2018 டிசம்பரில் இதே போன்ற கோபம் இன்னொரு பக்கம் கிளம்பியது. 'ஹகூனா மட்டாட்டா' என்ற ஸ்வாஹிலித் தொடருக்கு டிஸ்னி 2003 முதல் சட்டைகளுக்கான டிரேட்மார்க் வைத்திருந்தது வெளியே தெரிந்து, அதைக் கைவிடக் கோரி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

ஐந்தாண்டுகளுக்கு மேல் கழித்து, 2024 ஏப்ரலில், சமையல் கலைஞர் டேவிட் சாங்கின் மோமோஃபுகு நிறுவனம் 'சில்லி கிரஞ்ச்' என்ற பெயருக்காகச் சின்னச் சின்ன ஆசிய அமெரிக்க உணவு நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது தெரியவந்தது. மிளகாயும் எண்ணெயும் சேர்ந்த மொறுமொறு தொக்குக்கு ஆங்கிலத்தில் சாதாரணமாகச் சொல்லும் பெயர் அது. நோட்டீஸ் பெற்றவர்களில் மலேசியப் பின்னணி கொண்ட ஒரு பெண்ணின் சிறு நிறுவனமும் இருந்தது. செய்தி வெளியான சில நாட்களிலேயே சாங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, அந்தப் பெயரை இனி யார் மீதும் அமல்படுத்தப்போவதில்லை என்று அறிவித்தார். இங்கே எதிர்ப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் பலித்தது? சாங்கின் பெயரும் வியாபாரமும் நின்றது ஆசிய அமெரிக்கச் சமையலின் நற்பெயரில். கோபப்பட்டவர்கள் அவருடைய சொந்த வாடிக்கையாளர்கள், சக சமையல்காரர்கள். சிகாகோ நிறுவனத்தின் கல்லாவை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் மதிய உணவுக்கு வரிசையில் நிற்கும் அலுவலக ஊழியர்கள். ஹவாயின் கோபம் அந்த வரிசையை அந்த அளவுக்குத் தொடவில்லை.

கையெழுத்து இயக்கம் ஆங்கரேஜ் குடும்பத்தின் பழைய போர்டைத் திரும்ப ஏற்றவில்லை. பெல்லிங்ஹாம் கடையும் புதிய பெயரோடுதான் நின்றது.

ஹொனலுலு கடையில் நடந்தது வேறு. அதன் உரிமையாளர் நோட்டீஸை ஒரு வக்கீலிடம் கொடுத்தார். பெயரை மாற்ற மாட்டோம் என்று பதில் கடிதம் போனது. போர்டு இறங்கவில்லை. ஆங்கரேஜ் கடைக்கும் ஹொனலுலு கடைக்கும் வந்தது ஒரே மாதிரிக் கோரிக்கை, இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே சட்டம்.